தண்ணீர் புகாத கதவு

வாசல்காரர் என்றொரு இனம் இருக்கிறது. ஓட்டல்களிலும், பணக்காரர்கள் மாடி மாடியாகக் குடியிருக்கும் கட்டடங்களிலும், இன்னும் கதவு என்ற ஒன்று எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாமும் இவர்களைக் காணலாம். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கட்டடம் அவருடையது அல்ல, கதவு அவருடையது அல்ல, கதவில் தொங்கும் பூட்டும் அவருடையது அல்ல. ஆனால் நீங்கள் உள்ளே நுழையும் முன் உங்களை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை மெதுவாகப் பார்த்து, பார்த்ததில் திருப்தி இல்லாமல் இன்னொரு முறையும் பார்த்து, 'சரி, காலம் கெட்டுக் கிடக்கிறது, இவரையும் விட வேண்டியிருக்கிறது' என்று ஒரு பெருமூச்சு விடும் உரிமை மட்டும் முழுக்க அவருடையது. கதவைத் திறப்பதுதான் அவர் வேலை என்று நினைக்கிறீர்களா? இல்லை. அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் திறக்காமல் நிற்கிறாரே, அதுதான் வேலை.

மாதிரிக்கு ஒருவரைப் பார்த்துவிடலாம்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து, பெரிய கப்பல்கள் வந்து கட்டத் தொடங்கியிருந்த சமயம். கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஓட்டல் ஓஷன் பேலஸ் என்று ஓர் ஓட்டல் இருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் கடல் தெரியும் என்று சொல்வார்கள். ஏறிப் பார்த்தவர்கள், தெரிந்தது உப்பளம் என்றார்கள். அந்த ஓட்டலின் வாசலில் நின்றவர்தான் ஞானதீபம். ஆறுமுகநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவரை வாட்ச்மேன் என்று கூப்பிட்டுப் பாருங்கள், அன்றைக்கு நீங்கள் வெயிலில்தான் நிற்க வேண்டும்.

"வாட்ச்மேன்னா ராத்திரி கண்ணு முழிக்கவன். கூர்க்கான்னா விசில் ஊதுதவன். நான் டோர்மேன். வெள்ளக்காரன் வச்ச பேரு" என்பார்.

வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் விசிறி வைத்த தலைப்பாகை. அவர் மனைவி சீனித்தாய் வடித்த கஞ்சியில் முக்கி எடுத்துக் காயப்போட்டால் அந்தத் தலைப்பாகை மேஜை மேல் யார் துணையும் இல்லாமல் தானே நிமிர்ந்து நிற்கும். "தலை இல்லாமலே இவ்வளவு மிடுக்கா நிக்குது. நீங்க எதுக்கு மெனக்கெட்டுப் போறீங்க? இத மட்டும் அனுப்பிவிடுங்க" என்று அந்த அம்மாள் ஒருமுறை சொல்லிவிட்டு, ஒரு வாரம் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்க நேர்ந்தது.

சலாமில் அவருக்கு மூன்று தரம் உண்டு. காரில் வருபவருக்குக் குதிகாலைத் தட்டி, உள்ளங்கை புருவத்தைத் தொடும் முழு சலாம். குதிரைவண்டியில் வருபவருக்கு நெஞ்சு வரைக்கும் எழும்பி, மேலே போகலாமா வேண்டாமா என்று யோசித்துக் கீழே இறங்கிவிடும் அரை சலாம். நடந்து வருபவருக்குக் கண் இமை மட்டும் ஒருமுறை மூடித் திறக்கும். அதுவும் தூசி விழுந்ததால் இருக்கலாம். ஆளை அவர் முகத்தில் பார்ப்பதில்லை, காலில்தான் பார்ப்பார். "மூஞ்சி பொய் சொல்லும், செருப்பு சொல்லாது" என்பது அவர் சித்தாந்தம். இப்படித்தான் ஒரு தடவை திருச்செந்தூருக்கு மாலை போட்டு வெறுங்காலோடு வந்த ஒரு பெரிய உப்பள முதலாளியை, "பின்பக்கம் போம், பழைய சோறு அங்கனதான் போடுவாங்க" என்று அனுப்பிவைத்தார். விஷயம் தெரிந்து ஓட்டலே கலங்கியபோது ஞானதீபம் கலங்கவில்லை. "செருப்புப் போடாம வந்தா நான் எப்படிக் கண்டுபிடிக்க? தப்பு அவருமேலதான்" என்றார்.

'வாங்க' என்ற சொல் அவர் வாயில் வராது. "யாரைப் பாக்கணும்?" வரும். "உள்ள சொல்லியாச்சா?" வரும். யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது. ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. கால் துடைக்கும் மிதியடியைத் தாண்டி அவர் ஒருநாளும் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. இருந்தும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "மாடியில கடல் பாத்த ரூமாக் கேளுங்க. கட்டிலுக்குப் பக்கத்துலேயே அலை சத்தம் கேக்கும்" என்று யோசனை சொல்வார். அலைச் சத்தம் என்று விருந்தாளிகள் நினைத்துக்கொண்டு தூங்கியது, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம்.

வீட்டுக்குப் போனாலும் அவர் கதவைத் திறக்க மாட்டார். சாத்தியிருக்கும் கதவின் முன்னால் நின்று தொண்டையைச் செருமுவார்.

"தாழ்ப்பாள் போடல. தள்ளிட்டு வாங்க!" என்று உள்ளேயிருந்து சீனித்தாய் சத்தம் கொடுப்பாள்.

"ஏளா, ஊருக்கெல்லாம் தொறக்கவன் வீட்டுக்கு வந்தா, தொறக்க ஒரு ஆள் வேண்டாமா?"

இப்படி நிம்மதியாக நடந்துகொண்டிருந்த ராஜ்யத்தில் கச்சான் காற்று புகுந்தது.

மேற்கேயிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும் கச்சானுக்கு ஓட்டல், கோயில் என்ற பேதம் கிடையாது. ஓஷன் பேலஸின் முன்கதவு கண்ணாடி பதித்த பெரிய ஒற்றைக் கதவு. முதலாளி இஞ்ஞாசி மச்சாது கொழும்பிலிருந்து தம் சொந்தத் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தது. அதன் கீல்களை உப்புக்காற்று வருஷக்கணக்காக உட்கார்ந்து தின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் கச்சான் ஓர் உதை உதைத்தது. கதவு கழன்று, தெருவில் விழுந்து, நொறுங்கியது. ஞானதீபத்தின் கையில் கைப்பிடி மட்டும் மிஞ்சியது. விழுந்த கதவைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "உள்ள சொல்லியாச்சா?"

இஞ்ஞாசி மச்சாது தோணி முதலாளி. தோணி முதலாளிக்கு உலகத்தில் உள்ள மரவேலை எல்லாம் ஒரே மரவேலைதான். அதைச் செய்ய ஒரே ஆள்தான். அவர் தோணிகளைக் கட்டும் மரியான் ஓடாவி. நாற்காலிக் கால் உடைந்தாலும் மரியான், நடுவீட்டு மாதா சுரூபத்துக்குப் பெட்டி வேண்டுமென்றாலும் மரியான். ஆனால் மரியானுக்கு ஒரு கொள்கை இருந்தது. கரையில் ஒரு தோணி ஏறி நின்றால், அது கடலில் இறங்கும் வரை வேறு மரத்தில் அவர் உளி வைக்க மாட்டார். அப்போது முதலாளியின் புதுத் தோணி பாதி எலும்பும் பாதி சதையுமாகக் கரையில் நின்றுகொண்டிருந்தது.

"முதல்ல தோணி. பொறவு கதவு" என்றார் மரியான்.

ஆக ஓட்டலுக்கு வாசல் இருந்தது, கதவு இல்லை. இதை முதலில் கவனித்தவர் மேனேஜர் சங்கரபாண்டியன். தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர்க்காரர். பரம்பரை பரம்பரையாகக் களை பிடுங்கிய குடும்பம். எங்கே போய் நின்றாலும் அவர் கண்ணுக்கு முதலில் களைதான் தெரியும். இப்போது வாசலில் ஒன்று தெரிந்தது, தலைப்பாகையோடு.

"முதலாளி, கதவே இல்ல. கதவு தொறக்க ஆள் எதுக்கு?"

"ஓடாவி கதவு கொண்டு வந்துருவான்லா?"

"வந்தா ஸ்பிரிங் வச்சிருவோம். தொறந்தா தானா மூடிக்கிடும். இவர நம்ம கருவாட்டுக் கிட்டங்கிக்கு அனுப்பிருங்க. சாக்கு எண்ண ஆள் இல்ல."

முதலாளி தாடையைச் சொறிந்தார். "சனிக்கிழம வாரேன். வந்து நானே சொல்லுதேன்."

இந்தப் பேச்சு முழுவதும் ஞானதீபத்தின் காதில் விழுந்தது. கதவு இல்லாததால் வந்த வினை. கருவாட்டுக் கிட்டங்கி என்றதும் அவருக்கு மூக்கு அடைக்கவில்லை, மனம்தான் அடைத்தது. அந்தக் கிடங்கில் இருப்பது இழுத்து மூடும் தகரக் கதவு. காலையில் ஒருமுறை தூக்கினால் சாயங்காலம் ஒருமுறை இறக்குவது. வருபவர் யார்? சாக்கு. சாக்குக்கு எந்தத் தரத்து சலாம் வைப்பது? தலைப்பாகையைக் கழற்றிவிட்டால், மேஜை மேல் அதுவாவது நிமிர்ந்து நிற்கும், இவர் நிற்பாரா?

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல் வந்தார். வழக்கம்போல் நின்றார். விளாத்திகுளத்திலிருந்து மாதாமாதம் வரும் பருத்தித் தரகர் காசிலிங்கம், ஒரு கையில் தோல்பையும் மறுகையில் குடையுமாகக் குதிரைவண்டியிலிருந்து இறங்கினார். வாசல் ஆவென்று திறந்து கிடந்தது. காசிலிங்கம் நேரே உள்ளே போக வேண்டியதுதான். ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? ஞானதீபத்தின் வலக்கை எழுந்தது. கைப்பிடி எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில் காற்றைப் பிடித்தது. பிடித்துத் தம் பக்கமாக இழுத்தது. கதவு விரிந்து வருவதற்கு இடம்விட்டு அவர் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

காசிலிங்கம் நின்றுவிட்டார். கதவு முழுக்கத் திறக்கும் வரை பொறுத்திருந்தார். குடை எதிலும் இடித்துவிடாமல் ஒடுக்கிக்கொண்டு உள்ளே போனார். போனவர் திரும்பிப் பார்த்து, "காத்துக்கு டப்புன்னு அடிச்சிறப் போவுது, பாத்து மூடும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஞானதீபம் பார்த்து மூடினார்.

அவ்வளவுதான். அடுத்தவர் வந்தார், முன்னால் போனவர் நின்றதைப் பார்த்திருந்தார், தாமும் நின்றார். அதற்கடுத்தவர் இவர் நின்றதைப் பார்த்து நின்றார். நிற்கிற இடத்தில் நிற்பதும், நகர்கிற இடத்தில் நகர்வதும்தானே நாகரிகம்? இரண்டே நாளில் அந்தக் கதவு, உடைவதற்கு முன் இருந்ததைவிட உறுதியாகிவிட்டது. ஞானதீபம் காலையில் செய்தித்தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டு அதன் கண்ணாடியைத் துடைத்தார். மேல்மூலை எட்டாதபோது எம்பித் துடைத்தார். கச்சான் பலமாக அடித்த நேரங்களில் இரண்டு கையாலும் இழுத்து, பல்லைக் கடித்து, முகம் சிவந்து திறந்தார். விருந்தாளிகள் "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டினார்கள். டீ குடிக்கப் போகும்போது சாத்திவிட்டுப் போனார். அவர் திரும்பும் வரை நாலைந்து பேர் வெயிலில் காத்துக்கொண்டு நின்றார்கள். உர மூட்டை விற்க வந்த ஓர் ஆள் விவரம் தெரியாமல் விறுவிறுவென்று நேரே நடந்து உள்ளே போய்விட்டான். வரிசையில் நின்றவர்கள் கொதித்துப்போனார்கள்.

"ஏவே, மூடுன கதவுல போய் முட்டுதீரே, கண்ணு தெரியலையா?"

"அறிவில்லாத பய. கண்ணாடி ஒடஞ்சிருந்தா யாரு குடுப்பா?"

அந்த ஆள் வெளியே வந்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, வரிசையின் கடைசியில் நின்றான்.

அந்தக் கதவை மதிக்காத ஜீவன் தெருவிலேயே ஒன்றுதான் இருந்தது: எதிர்வீட்டு வெள்ளாடு. அது நினைத்தபோது போயிற்று, நினைத்தபோது வந்தது. "ஆட்டுக்கு என்ன தெரியும்" என்று ஞானதீபம் அதை மன்னித்துவிட்டார்.

சங்கரபாண்டியன் மட்டும் சிரித்தார். பைத்தியம் என்றார். சனிக்கிழமை வரட்டும் என்றார். ஆனால் அவரும் வாசல் வழியாக நுழைவதை விட்டுவிட்டுச் சமையல்கட்டு வழியாக வரத் தொடங்கியிருந்ததை நான் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது.

சனிக்கிழமை வந்தது. இஞ்ஞாசி மச்சாதுவின் காரும் வந்தது. ஞானதீபத்தைக் கிட்டங்கிக்கு அனுப்பும் வார்த்தைகளைக் காரிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த முதலாளி, இறங்கி, விடுவிடுவென்று நாலு எட்டு வைத்து, வாசலில் சட்டென்று நின்றார். வலப்பக்கம் ஒரு கல்யாண கோஷ்டி காத்துக்கொண்டு நின்றது. இடப்பக்கம் காசிலிங்கம். எல்லாரும் முதலாளியையே பார்த்தார்கள். மூடிய கதவுக்குள் இவர் நுழைந்துவிடுவாரோ என்ற கவலை எல்லார் முகத்திலும் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. முதலாளியின் சொந்த ஓட்டல், சொந்த வாசல்; இல்லாத கதவு. வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"யாரைப் பாக்கணும்?" என்று ஞானதீபம் கேட்டார். அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. வாய் அப்படிப் பழகிவிட்டது.

"ஏலே, நாந்தாம்லே!" பிறகு குரலை இறக்கி, பல்லுக்குள்ளேயே சொன்னார்: "தொறலே, எல்லாரும் பாக்காவ."

குதிகால் தட்டியது. முழு சலாம். கதவு திறந்தது, இவ்வளவு விரிவாக யாருக்கும் திறந்ததில்லை. முதலாளி நெஞ்சை நிமிர்த்தி உள்ளே நடந்தார். பின்னால் கதவு மெத்தென்று மூடிக்கொண்டது. மூடிய பிறகுதான் உள்ளே கொஞ்சம் குளிர்ச்சியாக இருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

"சொல்லிட்டீங்களா முதலாளி?" என்று ஆவலாக வந்தார் சங்கரபாண்டியன்.

"என்னத்தச் சொல்ல? ஓடாவி கதவு வரட்டும்வே. பொறவு பாப்போம்."

அதாவது, ஞானதீபத்தின் தலைக்கு மேல் இப்போது கதவு தொங்கியது.

தோணி கட்டி முடிந்தது. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, அதன் மேல் தீர்த்தம் தெளித்தார். அதே மூச்சில், அருகே சாய்த்து வைத்திருந்த கதவின் மேலும் தெளித்துவிட்டார். கேட்டுத் தெளிக்க அவருக்கு நேரமில்லை. தோணி கடலில் இறங்கி, பாய் விரித்து, கொழும்புக்கு முதல் பயணம் புறப்பட்டது. கதவு மாட்டுவண்டியில் ஏறி ஓஷன் பேலஸுக்குப் புறப்பட்டது.

அன்று சாயங்காலம் ஓட்டலில் ஒரு விருந்து. புதுத் துறைமுகத்தில் வந்து நின்ற கிரேக்கக் கப்பலின் கேப்டனைக் கப்பல் ஏஜெண்ட் அழைத்து வருவதாக இருந்தது. கேப்டனுக்குப் பிடித்துவிட்டால் இனி வரும் கப்பல் அதிகாரிகள் எல்லாம் இங்கேதான் தங்குவார்கள். அதனால் கதவை விருந்துக்கு முன்னால் மாட்டிவிட வேண்டும் என்று முதலாளி உத்தரவு. மரியான் ஓடாவி மாட்டினார். நாலு ஆள் பிடித்து, சுத்தியலால் அடித்து இறக்கி, விலகி நின்று, கையைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டார்.

அழகான கதவுதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பலகையும் பலகையும் சேரும் இடுக்கில் எல்லாம் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, ஓடாவிகள் கலப்பத்து என்று சொல்வார்களே, அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்திருந்தார். கதவுக்கும் நிலைக்கும் நடுவிலும் அதையே செய்திருந்தார். மேலே இரண்டு பூச்சு சுறா எண்ணெய். தெருக்கோடி வரைக்கும் கமகமத்தது. எதிர்வீட்டு வெள்ளாடு முதல் தடவையாக விலகி நின்றது.

ஞானதீபம் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையால் இழுத்தார். காலை நிலையில் ஊன்றி இழுத்தார். இத்தனை நாளாக நடிப்பில் சிவந்த முகம் இப்போது நிஜமாகவே சிவந்தது. கடைசி இழுப்பில் தலைப்பாகை கழன்று விழுந்து, மிதியடியின் மேல் நிமிர்ந்து நின்றது. ஞானதீபத்துக்கு வழுக்கை என்பதை ஊர் அன்றுதான் அறிந்தது.

"என்னலே மரியான் இது? தொறக்க மாட்டேங்குது!" என்று அலறினார் முதலாளி.

மரியானுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது முதலாளி! நடுக்கடல்ல கொண்டு போட்டாலும் போவாது!"

"தண்ணி போவாண்டாம்லே! மனுசன் போவணும்லே!"

"அத நீங்க மொதல்லயே சொல்லல."

"மாதாவே! சீவுலே அத. ஓரத்தச் சீவி எடு."

மரியான் உளியைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "கலப்பத்து அடிச்ச மரம் முதலாளி. தோணிக்குத் தெளிச்ச தீர்த்தம் இதுக்கும் விழுந்துருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல பொறந்த புள்ளைங்க. தோணி மொதப் பயணம் போயிருக்கு. இங்கன நான் உளி வச்சா அங்கன அதுக்கு என்ன ஆவும்னு நான் சொல்ல மாட்டேன். உங்க சரக்குதான் ஏறியிருக்கு."

முதலாளி சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினார். உலகத்தில் யாருக்கும் பயப்படாத மனிதர். தோணி கடலில் இருக்கும்போது தும்மலுக்குக்கூடப் பயப்படுவார்.

அந்த நேரம் பார்த்து சங்கரபாண்டியன், குனிந்து தலைப்பாகையை எடுக்கப்போன ஞானதீபத்தின் காதருகே வந்தார். "கதவு இல்லாதப்பவும் நீரு வேண்டாம். இப்பம் தொறக்காத கதவு. இப்பமும் நீரு வேண்டாம். காலையில கிட்டங்கிக்குப் போயிரும். கோட்ட இங்கன வச்சிட்டுப் போவும்."

ஞானதீபம் தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்டினார். வாயில் 'யாரைப் பாக்கணும்' கூட வரவில்லை.

கார் சத்தம் கேட்டது. தாடி வைத்த கேப்டன், தங்கப் பட்டை போட்ட தொப்பியோடு இறங்கினார். கூடவே ஏஜெண்ட். சமையல்கட்டு வழியாகக் கூட்டிப்போகலாம் என்றால் அங்கே மீன் கழுவிய தண்ணீர் முழங்கால் அளவு. முதலாளி கையைப் பிசைந்தார்.

"இதுக்கு எதுக்கு முதலாளி இந்தப் பாடு? தோணியில ஏறுதவன் கதவைத் தேடுவானா?" என்றார் மரியான். வாசலுக்குப் பக்கத்தில் பெரிய பழையகாலத்து ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் கம்பிகளை உப்புக்காற்று எப்போதோ தின்று தீர்த்திருந்தது. மரியான் மாட்டுவண்டியில் கிடந்த நீளப் பலகையைத் தூக்கிவந்து, ஒரு முனையைத் தெருவிலும் மறுமுனையை ஜன்னல் விளிம்பிலும் வைத்தார். கரையிலிருந்து தோணிக்குப் போடுவார்களே, அந்த மாதிரி.

ஞானதீபம் அதைப் பார்த்தார். கடைசியாக ஒருதடவை என்று நினைத்தாரோ என்னவோ, தலைப்பாகையைத் தலையில் கவிழ்த்தார். கோணலாக உட்கார்ந்தது. ஜன்னல் கதவுகளை விரித்துவிட்டு, பலகையின் அடியில் போய் நின்றார். குதிகால் தட்டினார். முழு சலாம்.

கேப்டன் பலகையைப் பார்த்தார். அந்த முகத்தில் இதுவரை இல்லாத ஒரு தெளிவு வந்தது. எத்தனையோ துறைமுகங்களில் எத்தனையோ கண்ணாடிக் கதவுகளில் முட்டிக்கொண்டவராக இருக்கும். பலகையில் கால் வைத்து, உடம்பு ஆடாமல் நாலு எட்டில் மேலே போனார். போனவர் ஜன்னல் விளிம்பில் நின்றார்; திரும்பினார்; கப்பலில் ஏறுபவன் செய்வதுபோல், ஞானதீபத்தைப் பார்த்துத் தொப்பியில் கைவைத்துப் பதில் சலாம் வைத்தார்.



யோசித்துப் பாருங்கள். அந்த வாசலில் ஞானதீபம் வைத்த சலாம்களை எல்லாம் கொட்டினால் துறைமுகம் தூர்ந்துவிடும். ஒன்றாவது திரும்பி வந்திருக்கிறதா? கார்க்காரர் தலையசைப்பார். வண்டிக்காரர் கண்டுகொள்ள மாட்டார். முதலாளி மூக்கைச் சொறிவார். இன்றைக்கு ஒன்று திரும்பி வந்துவிட்டது, அதுவும் கடல் கடந்து. நெற்றிக்குப் போன ஞானதீபத்தின் கை கீழே இறங்க மறுத்தது. விருந்து முடிந்து கேப்டன் பலகை வழியாக இறங்கி வரும் வரை அது அங்கேயே இருந்தது. கேப்டன் மறுபடியும் சலாம் வைத்த பிறகுதான் இறங்கியது. இறக்கியதும் ஏஜெண்ட்தான், பிடித்து.

மாலுமியை மாலுமியாக வரவேற்கத் தெரிந்த ஓட்டல் இது ஒன்றுதான் என்று கேப்டன் சொன்னதாக ஏஜெண்ட் சொன்னார். தம் அதிகாரிகள் அத்தனை பேருக்கும் இனி இங்கேதான் அறை என்றும் சொன்னாராம்.

"ஏவே சங்கரபாண்டியன்," என்றார் முதலாளி, "பலகையில ஏறுதவங்களுக்குக் கை குடுக்க ஒரு ஆள் வேண்டாமா?"

சங்கரபாண்டியன் பலகையின் அடியில் நின்ற தலைப்பாகையைப் பார்த்தார். களை வேர் பிடித்துவிட்டது.

மறுநாள் காலையில் மேனேஜர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். சமையல்கட்டில் இன்னும் தண்ணீர். வேறு வழியில்லாமல் பலகையின் அடிக்கு வந்து நின்றார். பலகையின் குறுக்கே ஞானதீபத்தின் கை நீண்டது. அவர் கண்கள் மேனேஜரின் செருப்பில் இருந்தன.

"யாரைப் பாக்கணும்?"

"நான் மேனேஜர்வே!"

"உள்ள சொல்லியாச்சா?"

சங்கரபாண்டியன் சுற்றுமுற்றும் பார்த்தார். பின்னால் காசிலிங்கம் குடையோடு வரிசையில் நிற்கிறார். எதிர்வீட்டு ஆடுகூட நிற்கிறது. மேனேஜர் தூக்கை இடது கைக்கு மாற்றி, வலது கையை மெதுவாக நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"ஆங்... இப்பம் போவும்" என்றார் ஞானதீபம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் போன வெள்ளிக்கிழமை திருச்செந்தூர் பஸ்ஸில் உங்களைப் பார்த்தேன். படியில் தொங்கி, "கொஞ்சம் உள்ள தள்ளிப் போங்க அண்ணாச்சி, ஒரு கால் வைக்க இடம் குடுங்க" என்று கெஞ்சி, ஒருவழியாக உள்ளே வந்தீர்கள். வந்து, கம்பியைப் பிடித்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்ததும், உங்களுக்குப் பின்னால் ஏற வந்தவரிடம் என்ன சொன்னீர்கள்? "இங்கன எடம் ஏது? அடுத்த வண்டியில வாரும்!" சொன்னதோடு, அவரை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வையும் பார்த்தீர்கள்.

ஞானதீபத்துக்காவது தலைப்பாகை இருந்தது.